தவணை முடிந்தால் சைட் சொந்தமாகி விடுமா?
தானமாக வந்த நிலத்தில் மனை வாங்குவோர் அறிய வேண்டிய சட்ட நிலை

பெங்களூருக்குப் பிழைக்க வந்த தமிழர் குடும்பங்களில், ஓய்வு பெறுவதற்குள் முப்பதுக்கு நாற்பதில் ஒரு சைட் வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை இல்லாத குடும்பம் அரிது. மொத்தப் பணம் கையில் இராது. எனவே தவணை முறையை நாடுகிறார்கள். சம்பளம் வாங்கிய கையோடு தவணையைக் கட்டி, ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்து, ஆண்டுக் கணக்கில் காத்திருக்கிறார்கள். கடைசித் தவணை கட்டிய அன்றே நிலம் தம்முடையதாகிவிட்டது என்று நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

இந்தக் கேள்வி இப்போது அவசரமாகியிருப்பதற்குக் காரணம் உண்டு. கர்நாடகத்தில் 2024 அக்டோபர் முதல் சொத்துப் பத்திரங்களைப் பதிவு செய்வதற்கு இ-காத்தா கட்டாயமாக்கப்பட்டது. பழைய ஒப்பந்தத்தையும் ரசீதுகளையும் மட்டும் கையில் வைத்திருப்பவர் இன்று பதிவுக்குப் போனால், முதலில் எழும் கேள்வி காத்தா யார் பெயரில் இருக்கிறது என்பதுதான். அது பெரும்பாலும் விற்றவர் பெயரிலோ, அவருக்கு முந்தியவர் பெயரிலோதான் இருக்கும். விற்றவருக்கே அந்த நிலம் தானமாக வந்தது என்றால் சிக்கல் இன்னும் ஒரு முடிச்சு கூடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

ஓசூர் சாலைப் பக்கம் 2 ஏக்கர் வைத்திருந்த ஒரு பெரியவர் அதைத் தம் மகளுக்குத் தானமாகக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். மகள் அதை மனைகளாகப் பிரித்து, ஒரு மனை 6 லட்சம் ரூபாய் என்று விலை பேசுகிறார். முன்பணம் 1 லட்சம். மீதி மாதம் 10 ஆயிரம் வீதம் 50 தவணை. ஓர் ஆலைத் தொழிலாளி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். "பணத்தைக் கட்டிக்கிட்டே வாங்கண்ணே, கடைசியிலே பத்திரம் பண்ணிக் கொடுத்திடறோம்" என்பது வாக்கு.

நாற்பதாவது தவணையில் பெரியவர் காலமாகிறார். அவருடைய மகன்கள் வந்து, "அப்பா கொடுத்த தானமே செல்லாது, நிலம் எங்களுடையது" என்கிறார்கள். அன்றைய தேதியில் 5 லட்சம் ரூபாய் கட்டியிருக்கும் தொழிலாளியின் நிலை என்ன? நிலம் யாருடையது?

விடை காண இரண்டு கட்டங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பெரியவரிடமிருந்து மகளுக்கு உரிமை எப்போது மாறியது என்பது முதல் கட்டம். மகளிடமிருந்து தொழிலாளிக்கு எப்போது மாறும் என்பது இரண்டாவது கட்டம். முதலாவது பழுதானால் இரண்டாவது தானாகவே பழுதாகிவிடும். தம்மிடம் இல்லாத உரிமையை எவரும் பிறருக்கு விற்க முடியாது.

தானம் எப்போது முழுமையாகிறது?

1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுக்க எழுத்து மூலமான பத்திரம் வேண்டும். கொடுப்பவர் அதில் கையெழுத்திட வேண்டும். குறைந்தது 2 சாட்சிகள் வேண்டும். பத்திரம் பதிவு செய்யப்பட வேண்டும். இவை 123 ஆம் பிரிவின் நிபந்தனைகள். இவற்றோடு, பெறுபவர் அந்தத் தானத்தை, கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று 122 ஆம் பிரிவு கூறுகிறது. வாய்ச்சொல்லாகவோ வெள்ளைத்தாளிலோ கொடுத்த தானத்தால் உரிமை மாறாது. இஸ்லாமியர் தம் மதச் சட்டப்படி செய்யும் ஹிபா மட்டும் விலக்கு. அதை வாய்மொழியாகவே செய்யலாம்; ஆனால் கொடுப்பவரின் அறிவிப்பு, பெறுபவரின் ஏற்பு, சொத்தை ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறியிருக்க வேண்டும்.

பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகு, பதிவுக்கு முன்பு, கொடுத்தவர் மனம் மாறினால் என்ன ஆகும்? லண்டன் பிரிவி கவுன்சில் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் இதற்கு விடை அளித்தது. முறைப்படி எழுதி ஒப்படைத்து, பெற்றவரும் ஏற்றுக்கொண்ட தானத்தைப் பதிவு பாக்கி என்ற காரணத்துக்காகக் கொடுத்தவர் திரும்பப் பெற முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். பதிவான பத்திரம், பதிவான நாளிலிருந்து அல்லாமல் எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்தே செயல்படும் என்று 1908 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 47 ஆம் பிரிவும் கூறுகிறது.

தானம் கொடுத்தவருக்கு அந்த நிலம் முழுக்கச் சொந்தமா என்பதையும் பார்க்க வேண்டும். சுயமாகச் சம்பாதித்த சொத்தை அவர் யாருக்கும் கொடுக்கலாம். பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைத் தனியொருவர் தம் விருப்பம் போல முழுவதுமாகத் தானம் செய்ய முடியாது. மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு என்பதைத் தமிழ்நாட்டில் 1989 திருத்தமும், கர்நாடகத்தில் 1994 திருத்தமும், நாடு முழுவதற்கும் 2005 திருத்தமும் நிலைநாட்டின. ஆகவே மகன்களும் மகள்களும் உள்ள குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் போன தானத்தை மற்றவர்கள் எதிர்க்க இடம் உண்டு. மேலே கண்ட எடுத்துக்காட்டில் மகன்களின் வாதம் எடுபடுமா என்பது இதைப் பொறுத்தே அமையும்.

இன்னொன்றும் உண்டு. 2007 ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23 ஆம் பிரிவின்படி, தம்மைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு முதியவர் கொடுத்த சொத்தை, பெற்றவர் அந்த நிபந்தனையை மீறினால், தீர்ப்பாயம் செல்லாதது என்று அறிவிக்கலாம். பெற்றோர் பிள்ளைகளுக்குக் கொடுத்த நிலத்தில் மனை வாங்குகிறவர், தானப் பத்திரத்தில் அத்தகைய நிபந்தனை வரி இருக்கிறதா என்று படித்துப் பார்ப்பது நல்லது.

ஒப்பந்தம் வேறு, கிரயம் வேறு

இனி இரண்டாவது கட்டம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 54 ஆம் பிரிவு, விற்பதாகச் செய்துகொண்ட ஒப்பந்தம் அந்தச் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்று கூறுகிறது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தின் உரிமை, பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரத்தின் மூலம்தான் மாறும். ஆகவே 50 தவணையில் 49 கட்டியவரும் நிலத்தின் உரிமையாளர் அல்ல. 50 உம் கட்டி முடித்து, கிரயப் பத்திரம் பெறாதவரும் உரிமையாளர் அல்ல. பத்திரம் எழுதித் தரும்படி விற்பவரைக் கட்டாயப்படுத்தும் உரிமைதான் அவர் கையில் இருக்கிறது.

பவர் பத்திரம், ஒப்பந்தம், உயில் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்து "இதுவே விற்பனை" என்று சொல்லும் வழக்கம் நாடெங்கும் இருந்தது. 2011 இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த முறையால் உரிமை மாறாது என்று தீர்ப்பளித்தது. சாதாரணப் பவர் பத்திரம் கொடுத்தவர் இறந்தால் அதன் அதிகாரமும் அவரோடு போய்விடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

காத்தா தம் பெயரில் இருப்பதால் நிலம் தம்முடையது என்று நினைப்பவரும் உண்டு. காத்தா என்பது கந்தாயம் யார் கட்டுவது என்பதற்கான பதிவு. அது உரிமைப் பத்திரம் ஆகாது. தமிழ்நாட்டில் பட்டாவும் வரி ரசீதும் துணைச் சான்றுகளே அன்றி, கிரயப் பத்திரத்துக்கு ஈடாக மாட்டா.

பத்திரம் முதலில், பணம் பிறகு

சில இடங்களில் முறை மாறி நடக்கிறது. கிரயப் பத்திரத்தை முதலில் பதிவு செய்து கொடுத்துவிட்டு, மீதிப் பணத்தைத் தவணையாகப் பெறுகிறார்கள். கொடுத்த பணம், கொடுப்பதாக வாக்களித்த பணம், பாதி கொடுத்துப் பாதி வாக்களித்த பணம் ஆகிய எதுவும் விலையாகலாம் என்று 54 ஆம் பிரிவே இடம் தருகிறது. எனவே பத்திரம் பதிவானால் பொதுவாக உரிமை வாங்கியவருக்குப் போய்விடும். பணம் பாக்கி உள்ள விற்பனையாளருக்கு அந்தச் சொத்தின் மீது 55 ஆம் பிரிவின்படி பொறுப்புரிமை உண்டு. அவர் பாக்கிக்கு வழக்குப் போடலாம். விலை முழுவதும் வரவில்லை என்பதற்காகப் பதிவான கிரயத்தை ரத்து செய்ய முடியாது என்று குஜராத் நிலம் பற்றிய ஒரு வழக்கில் 2020 இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. பணம் முழுவதும் கொடுத்த பின்புதான் உரிமை மாற வேண்டும் என்பது இரு தரப்பாரின் எண்ணமாக இருந்தால், பத்திரம் பதிவாகியிருந்தாலும் பணம் கொடுக்கும் வரை உரிமை மாறாது என்று தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு வழக்கில் 2009 இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த எண்ணத்தைப் பத்திரத்தின் வாசகத்தைக் கொண்டும், அதில் தெளிவில்லாவிட்டால் இரு தரப்பாரின் நடத்தையைக் கொண்டும் நீதிமன்றம் முடிவு செய்யும். அசல் பத்திரம் யாரிடம் இருந்தது, அனுபவம் யாரிடம் இருந்தது என்பவையெல்லாம் அங்கே சாட்சியாகும். ஆகவே "இன்று முதல் சகல உரிமைகளும் உங்களைச் சேர்ந்தது" என்ற வரியும், "மீதித் தொகை செலுத்திய பின் உரிமை சேரும்" என்ற வரியும் ஒன்றல்ல. பத்திரம் எழுதும்போது கவனிக்க வேண்டிய வரி இதுவே.

ஒப்பந்தத்துக்குப் பின் தானம்

இப்போது எடுத்துக்காட்டைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். பெரியவரே தொழிலாளியுடன் தவணை ஒப்பந்தம் போட்டுப் பணம் வாங்கி வருகிறார். நடுவில் அதே நிலத்தை மகளுக்குத் தானப் பத்திரம் எழுதிவிடுகிறார். "நான் எந்த ஒப்பந்தமும் போடவில்லை. அப்பாவிடம் கேளுங்கள்" என்று மகள் சொன்னால் செல்லுமா?

செல்லாது. 1963 ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 19 ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்துக்குப் பிறகு விற்பவரிடமிருந்து சொத்தைப் பெற்றவர் மீதும் அந்த ஒப்பந்தத்தை அமல் செய்யலாம். இதில் தப்பக்கூடியவர் ஒருவர்தான்: முந்தைய ஒப்பந்தம் பற்றித் தெரியாமல், நல்லெண்ணத்தோடு, விலை கொடுத்து வாங்கியவர். தானம் பெற்றவர் விலை கொடுக்கவில்லை. ஆகவே ஒப்பந்தம் பற்றித் தெரியாது என்று அவர் சொன்னாலும் பயனில்லை. நிலம் மகள் பெயருக்கு மாறும். தொழிலாளிக்குப் பத்திரம் எழுதித் தரும் கடமையும் அதோடு சேர்ந்தே போகும்.

கிரயம் நடக்கவே வழியில்லாமல் போனாலும், கட்டிய பணத்துக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. முன்கூட்டிப் பணம் கொடுத்தவருக்கு, தாமே முறையின்றிப் பின்வாங்காத வரையில், அந்தத் தொகைக்கும் வட்டிக்கும் சொத்தின் மீது பொறுப்புரிமை உண்டு என்று 55 ஆம் பிரிவு கூறுகிறது. விற்பவருக்கு அந்தச் சொத்தில் எவ்வளவு பங்கு உண்டோ அந்த அளவுக்கு, அவர் மூலம் பெற்றவர்களையும் இது கட்டுப்படுத்தும்.

ஆனால் ஏமாற்ற நினைப்பவர், தானம் பெற்ற கையோடு வேறொருவருக்கு விலைக்கு விற்றுவிட்டால் கதை மாறும். அந்த மூன்றாமவருக்கு ஒப்பந்தம் தெரியாது என்று நிரூபணமானால் தொழிலாளியின் வழக்கு பலவீனமாகிவிடும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்வதன் காரணம் இதுவே. பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் தெரியும். பிறகு எவரும் "தெரியாது" என்று கைவிரிக்க இயலாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தங்களைப் பதிவு செய்வது கட்டாயம். கட்டாயம் இல்லாத மாநிலங்களில் வாங்குபவரே வற்புறுத்திச் செய்துகொள்ள வேண்டும்.

மனையில் குடியேறியவர்கள்

தவணை கட்டும்போதே கொட்டகை போட்டுக் குடியேறியவர்கள் பலர். விற்பவர் அவர்களை வெளியேற்ற வந்தால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-ஏ பிரிவு ஒரு கேடயமாக உதவும். எழுத்து மூலமான ஒப்பந்தப்படி அனுபவத்தில் இருந்து, தம் பங்கை நிறைவேற்றவும் தயாராக இருப்பவரை விற்றவர் வெளியேற்ற முடியாது. ஆனால் 24-9-2001 முதல் இந்தப் பாதுகாப்பைக் கேட்க ஒப்பந்தம் பதிவாகியிருக்க வேண்டும். இந்தப் பிரிவைக் காட்டி நிலத்துக்கு உரிமையாளர் என்று அறிவிக்கும்படி கேட்க முடியாது என்பதையும் மறக்கக் கூடாது.

உரிமை மாறாத வரை நட்டமும் பொதுவாக விற்பவருடையது. கிரயத் தேதி வரை நிலத்தின் வரிகளைக் கட்டும் பொறுப்பு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரையே சேரும். உரிமை மாறிய பிறகு ஏற்படும் சேதத்தை வாங்கியவர் தாங்க வேண்டும்.

அறக்கட்டளைக்குக் கொடுத்த நிலம்

தர்ம காரியத்துக்கென்று அறக்கட்டளைக்குத் தானமாக வந்த நிலத்தை மனை போட்டு விற்பதும் நடக்கிறது. இங்கே நிலம் அறக்கட்டளையின் நோக்கத்துக்குக் கட்டுப்பட்டது. நிர்வாகி ஒருவர் கையெழுத்திட்டுவிட்டார் என்பது போதாது. விற்கும் அதிகாரம் அறக்கட்டளைப் பத்திரத்தில் இருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் 1950 ஆம் ஆண்டுப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 36 ஆம் பிரிவின்படி அறநிலைய ஆணையரின் முன் அனுமதி வேண்டும். தமிழ்நாட்டில் இந்து கோயில் நிலங்களுக்கு 1959 ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34 ஆம் பிரிவு அதே போன்ற அனுமதியைக் கோருகிறது. அனுமதி இல்லாத விற்பனையில் எத்தனை தவணை கட்டினாலும் உரிமை வந்து சேராது.

வாங்குபவர் தாமே தானம் செய்தால்

தவணை முடியும் முன்பே, மகளின் திருமணத்துக்கு இந்தச் சைட்டைக் கொடுத்துவிடலாம் என்று எண்ணுகிற தகப்பனார்களும் உண்டு. தம் பெயரில் கிரயப் பத்திரம் இல்லாதவர் எழுதும் தானப் பத்திரத்தால் நிலம் மாறாது. ஒப்பந்தம் தடை செய்யாவிட்டால், தம் ஒப்பந்த உரிமையை மட்டும் மகளுக்கு மாற்றிக் கொடுக்கலாம். தவணை கட்டிக்கொண்டிருக்கும்போது அவர் இறந்தால், அந்த ஒப்பந்த உரிமை வாரிசுகளுக்குச் சேரும். அவர்கள் மீதித் தவணையைக் கட்டிப் பத்திரம் கேட்கலாம்.

அரசு நிறுவனங்களின் மனைகளிலும் இதே நிலைதான். பெங்களூர் வளர்ச்சி ஆணையத்தின் 1984 ஆம் ஆண்டு மனை ஒதுக்கீட்டு விதிகள் 10 ஆண்டு குத்தகை-கிரய முறையை ஏற்படுத்தின. அந்தக் காலம் முடிந்து கிரயப் பத்திரம் பெறும் வரை ஒதுக்கீடு பெற்றவர் குத்தகைதாரரே. அதற்குள் செய்யும் விற்பனையும் தானமும் சிக்கலில்தான் முடியும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவதாக, பணம் கொடுக்கும் முன் தானப் பத்திரத்தின் நகலையும் வில்லங்கச் சான்றையும் பார்க்க வேண்டும். தானம் கொடுத்தவருக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்பதற்கான மூலப் பத்திரத்தையும் கேட்க வேண்டும். பூர்வீகச் சொத்தாக இருந்தால் மற்ற வாரிசுகளையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் செய்வது பாதுகாப்பு. விவசாய நிலமாக இருந்தால் மனையாக மாற்ற அனுமதி பெறப்பட்டதா என்று கேட்க வேண்டும்.

இரண்டாவதாக, ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். கடைசித் தவணைத் தேதியும், அதன் பின் எத்தனை நாளில் கிரயம் என்பதும் அதில் இருக்க வேண்டும். 2016 ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்துக்கு உட்பட்ட மனைப்பிரிவானால், பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவே கூடாது.

மூன்றாவதாக, தவணையை வங்கி மூலம் கட்ட வேண்டும். பத்திரம் கேட்டு வழக்குப் போடும்போது, தாம் தொடக்கம் முதல் பணம் கட்டத் தயாராக இருந்ததை வாங்குபவர் நிரூபிக்க வேண்டும். வெள்ளைத்தாள் ரசீதை விட வங்கிக் கணக்குப் புத்தகம் வலுவான சாட்சி.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: காலக்கெடு. கிரயம் செய்து தரக் குறித்த தேதியிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். தேதி குறிக்கப்படாவிட்டால், விற்பவர் மறுத்தது தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள். "தருகிறேன், தருகிறேன்" என்ற பேச்சை நம்பி இந்தக் காலத்தைக் கடத்தியவரின் ரசீதுகள் வெறும் காகிதமாகிவிடும்.

எடுத்துக்காட்டில் கண்ட தொழிலாளிக்கும் இவையே துணை. மகளுக்குப் போன தானம் பதிவானதாகவும், நிலம் பெரியவரின் சுய சம்பாத்தியமாகவும் இருந்தால், மகன்களின் எதிர்ப்பு நிற்காது. மீதி 10 தவணையைக் கட்டி அவர் பத்திரம் கேட்கலாம். பூர்வீகச் சொத்தானால், மகளின் பங்கு அளவுக்குத்தான் அவர் நம்பிக்கை வைக்க முடியும். பாக்கிப் பணத்துக்கு மகள் மீதுதான் வழக்குத் தொடர வேண்டும். இரண்டில் எது என்பதை முதல் தவணைக்கு முன்பே ஒரு நாள் விடுப்புப் போட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுத்துப் பார்த்திருந்தால், 40 மாதங்கள் கழித்து இந்தத் தவிப்பு வந்திராது.